கேமராவைக் கேட்டு பிராசஸர் வாங்குங்கள்

திருவள்ளூர் மாவட்டம் கும்மிடிப்பூண்டி வட்டத்தில் உள்ள தேர்வாய் கண்டிகையை வெளியூர்க்காரர்கள் இரண்டு காரணங்களால் அறிவார்கள். மிஷெலின் டயர் ஆலை அமைந்த சிப்காட் தொழிற்பூங்கா ஒன்று. 2020 நவம்பரில் திறக்கப்பட்ட, 500 மில்லியன் கனஅடி கொள்ளும் கண்ணன்கோட்டை – தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் மற்றொன்று. சென்னைக்கு அது ஐந்தாவது குடிநீர் ஏரி. ஆலைகள் வந்த ஊர்ப்பக்கம் வீடியோ வேலையும் வந்துசேரும். கவரைப்பேட்டை, ஊத்துக்கோட்டை, கும்மிடிப்பூண்டி மண்டபங்களில் நடக்கும் கல்யாணம், வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு. பெரியபாளையம் பவானியம்மன் கோயிலின் ஆடித் திருவிழா. தொழிலாளர்களுக்குப் போட்டுக்காட்டும் பாதுகாப்புப் பயிற்சிப் படம். ஷிப்டு முடித்துவிட்டு யூடியூப் சேனல் நடத்தும் இளைஞர்களின் ரீல்ஸ். எல்லாவற்றையும் வெட்டி ஒட்ட ஒரு கம்ப்யூட்டர் வேண்டும்.

அந்தக் கம்ப்யூட்டருக்காகப் பெரும்பாலானவர்கள் கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயிலேறி சென்ட்ரலில் இறங்கி ரிச்சி தெருவுக்குப் போகிறார்கள். கடைக்காரர் எழுதித்தரும் கொட்டேஷனில் முதல் வரி பிராசஸர். பேச்சும் அங்கேதான் சூடுபிடிக்கும். ஐ5 போதுமா, ஐ7 போடலாமா, ரைசன் ஒத்துவருமா? கோர் கூடினால் வேகம் கூடும், கிகாஹெர்ட்ஸ் கூடினால் இன்னும் கூடும் என்பதுதான் அங்கே வழக்கமாகக் கிடைக்கும் பதில். அதில் பாதிதான் உண்மை. வீடியோ எடிட்டிங்கைப் பொறுத்தவரை மீதிப் பாதியைத் தீர்மானிப்பது, வாங்குபவரின் பையில் இருக்கும் கேமரா.

கார்டுகளின் காலம்

இது புதிய சங்கதியும் அல்ல. கம்ப்யூட்டரில் எடிட்டிங் தொடங்கிய நாளிலிருந்தே மத்திய பிராசஸர் தனியாளாக இந்த வேலையைச் செய்ததில்லை. 1989இல் வந்த ஆவிட் எடிட்டிங் கருவி ஆப்பிளின் மேக்கின்டாஷ் 2 கணினியில் ஓடியது. அந்த மேக்கின்டாஷின் உள்ளே இருந்தது மோட்டரோலா 68020 சிப். வேகம் 16 மெகாஹெர்ட்ஸ். அதை மட்டும் நம்பிப் படத்தை ஓட்ட முடியாது என்பதால் ஆவிட் நிறுவனம் தன் சொந்த வன்பொருள் பலகைகளைச் சேர்த்துக்கொண்டது. தமிழ் சினிமா இதில் பின்தங்கவில்லை. 1994 பொங்கலுக்கு வெளியான கமல்ஹாசனின் ‘மகாநதி’, ஆவிட்டில் எடிட் செய்யப்பட்ட முதல் இந்தியப் படம் என்ற பெயரைப் பெற்றது. அதுவரை பிலிமைக் கையால் வெட்டி பிலிம் சிமெண்ட் என்ற பசை போட்டு ஒட்டிய தொழில், சில ஆண்டுகளில் மவுஸுக்கு மாறியது.

கல்யாண வீடியோ உலகமும் இதே பாதையில்தான் போனது. மினி டிவி டேப் புழங்கிய காலத்தில் ஸ்டூடியோக்காரர்களிடம் மதிப்புப் பெற்ற பெயர் பென்டியம் அல்ல, கனோபஸ் கார்டுதான். டேப்பிலிருந்து படத்தை உள்ளே இழுப்பதையும், திரும்ப வெளியே அனுப்புவதையும் அது பார்த்துக்கொண்டது. அந்த ஜப்பானிய நிறுவனம் 2003இல் வெளியிட்ட எடியஸ் மென்பொருள், பின்னர் கிராஸ் வேலி நிறுவனத்தின் கைக்குப் போய், இன்றுவரை தமிழ்நாட்டு மண்டப வீடியோக்காரர்களின் மேசையில் இருக்கிறது.

அன்றைய சுமையும் சிறியது. மினி டிவி டேப்பில் ஒரு ஃப்ரேம் 720க்கு 576 புள்ளிகள்; சுமார் 4 லட்சம். நொடிக்கு 25 மெகாபிட், ஒரு மணி நேரத்துக்கு 13 ஜிபி. இன்றைய 4கே ஃப்ரேமில் புள்ளிகள் ஏறக்குறைய 83 லட்சம், அதாவது இருபது மடங்கு. ஆனால் அந்த இருபது மடங்கைக்கூடப் புதிய சிப்கள் சமாளித்துவிடும். சிக்கல் புள்ளிகளின் எண்ணிக்கையைவிட அவை சுருக்கப்பட்டிருக்கும் விதத்தில் இருக்கிறது.

நாற்பது மில்லி நொடி

நம் ஊர் வீடியோ நொடிக்கு 25 ஃப்ரேம். டைம்லைனில் படம் தடங்கலின்றி ஓட, ஒவ்வொரு ஃப்ரேமையும் 40 மில்லி நொடிக்குள் விரித்துக் காட்டியாக வேண்டும். தாலி கட்டும் நேரத்தை நான்கு கேமராவில் எடுத்து, நான்கையும் ஒரே திரையில் பார்த்து ஷாட் மாற்றினால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 10 மில்லி நொடி.

இன்றைய கேமராக்கள் எச்.264, எச்.265 என்ற இரண்டு முறைகளில் படத்தைச் சுருக்குகின்றன. முன்னது 2003இலும் பின்னது 2013இலும் தரப்படுத்தப்பட்டவை. இரண்டுமே இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு தந்திரம் செய்கின்றன: முழு ஃப்ரேம் ஒன்றை எழுதிவிட்டு, அடுத்து வருபவற்றில் மாறிய பகுதியை மட்டும் எழுதும். மாத முதல் நாளில் பாக்கியை எழுதிவிட்டு, பிறகு தினமும் வாங்கிய பாலை மட்டும் குறித்துவைக்கும் பால் கணக்கு போலத்தான். பதினேழாம் தேதி பாக்கி எவ்வளவு என்று கேட்டால் முதல் தேதியிலிருந்து கூட்டிவர வேண்டும். எடிட்டர் டைம்லைனில் ஓர் இடத்தைச் சொடுக்கும்போது கம்ப்யூட்டரும் அப்படித்தான் முந்தைய முழு ஃப்ரேமைத் தேடிப்போய் அங்கிருந்து கணக்குப் போட்டு வருகிறது. பின்னோக்கி ஓட்டும்போது படம் திக்குவதற்குக் காரணம் இதுதான்.

அடுத்தது நிறம். 8 பிட் படத்தில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். 10 பிட்டில் 1024. பட்டுப்புடவைச் சரிகையும் மண்டபத்து வண்ண விளக்கும் ஒரே ஃப்ரேமில் வரும்போது நிறத்தைத் திருத்த இந்தக் கூடுதல் படிகள் கைகொடுக்கும். 4:2:0 என்ற முறை நான்கு புள்ளிக்கு ஒரு நிறத் தகவலை வைத்துக்கொள்கிறது. 4:2:2 இரண்டு புள்ளிக்கு ஒன்றை வைத்துக்கொள்கிறது. 2018இல் வந்து கல்யாண வீடியோக்காரர்களிடையே பரவிய சோனி ஏ7 மூன்றாம் பதிப்பு பதிவு செய்வது 8 பிட், 4:2:0. 2020இல் வந்த கேனன் ஆர்5, ஆர்6, 2021இல் வந்த சோனி ஏ7 நான்காம் பதிப்பு ஆகியவை 10 பிட், 4:2:2 தருகின்றன.

கேமரா மாறியதும் நேற்றுவரை நன்றாக ஓடிய கம்ப்யூட்டர் திணறுவதை இந்தத் தொழிலில் பலர் கண்டிருக்கிறார்கள். கம்ப்யூட்டர் பழசாகிவிட்டது என்று நினைத்து அதிக கோர் உள்ளதை வாங்குகிறார்கள். அதுவும் திணறுகிறது. ஏனென்றால் 8 பிட் 4:2:0 படத்தை விரிக்கத் தெரிந்த வன்பொருள் ஏறக்குறைய எல்லாச் சிப்பிலும் கார்டிலும் இருக்கிறது. 10 பிட் 4:2:2 படத்தை விரிக்கத் தெரிந்தது சிலவற்றில் மட்டுமே.

சிப்புக்குள் புகுந்த கார்டு

கனோபஸ் கார்டு செய்த மாதிரியான வேலை இன்று சிப்பின் ஒரு மூலைக்குள் வந்துவிட்டது. இன்டெல் 2011 ஜனவரியில் வெளியிட்ட இரண்டாம் தலைமுறை கோர் பிராசஸரில் வீடியோவைச் சுருக்கி விரிக்கவென்றே தனிப் பகுதி ஒன்றை வைத்தது. குவிக் சிங்க் என்று பெயர். கோர்கள் சும்மா இருக்க, படத்தை இது விரிக்கும். என்விடியா 2012இலிருந்து தன் கிராபிக்ஸ் கார்டுகளில் இதேபோன்ற என்கோடர் பகுதியைச் சேர்த்தது. ஆப்பிள் தன் எம் வரிசைச் சிப்களில் இதை மீடியா எஞ்சின் என்கிறது.

டெஸ்க்டாப்பில் எச்.265 10 பிட் 4:2:2 படத்தை வன்பொருளாலேயே விரிக்கும் திறன் 2021இல் வந்த இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து கிடைக்கிறது. என்விடியாவில் அதற்கு 2025இன் ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதாவது லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்து வாங்கிய முந்தைய தலைமுறை கார்டு செய்யாத ஒரு வேலையை, நடுத்தர ஐ5 ஒன்றில் இலவசமாக வரும் உள் கிராபிக்ஸ் செய்துகொண்டிருந்தது.

இங்கேதான் கொட்டேஷனில் இருக்கும் ஓர் எழுத்து முக்கியமாகிறது. ஐ5-12400 என்றும் ஐ5-12400எஃப் என்றும் இரண்டு உண்டு. இரண்டிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட், வேகமும் ஒன்றே. எஃப் என்று முடிவதில் உள் கிராபிக்ஸ் கிடையாது. அதோடு குவிக் சிங்க்கும் போய்விடும். விலை கொஞ்சம் குறைவு. ‘எப்படியும் தனி கார்டு போடப்போகிறீர்கள், உள் கிராபிக்ஸ் எதற்கு?’ என்று கடையில் கேட்பார்கள். கேம் ஆடுபவருக்கு அது நியாயமான கேள்வி. மண்டபத்து வீடியோக்காரருக்கு அந்தச் சிறு தொகை மிச்சம், வருடம் முழுக்க டைம்லைன் திக்கும் செலவாக மாறும்.

எஃப் இல்லாததை வாங்கியபிறகும் ஒரு காரியம் பாக்கி. தனி கார்டு போட்டதும் பல மதர்போர்டுகள் உள் கிராபிக்ஸை அணைத்துவிடும். பயாஸுக்குள் போய் அதை இயக்கிவைத்தால்தான் எடிட்டிங் மென்பொருளின் கண்ணுக்கு அது தெரியும். அசெம்பிள் செய்பவரிடம் டெலிவரிக்கு முன்பே இதைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

அதே இன்டெல்லுக்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஐ5-12400இல் இருக்கும் யு.எச்.டி. 730 கிராபிக்ஸில் இந்த வீடியோ எஞ்சின் ஒன்று. ஐ5-14500, ஐ7-14700 போன்றவற்றின் யு.எச்.டி. 770இல் இரண்டு. பல கேமரா டைம்லைன் வைத்திருப்பவருக்கு ஐ5-14500 ஏன் விலைக்குத் தகுந்தது என்பதற்கு கோர் எண்ணிக்கையோடு இதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சோனிக்காரர்களுக்கு இன்னொரு நுணுக்கம். ஏ7 நான்காம் பதிப்பில் எக்ஸ்.ஏ.வி.சி. எஸ் என்ற அமைப்பில் எடுத்தால் அது எச்.264, எக்ஸ்.ஏ.வி.சி. எச்.எஸ். என்ற அமைப்பில் எடுத்தால் எச்.265. மேலே சொன்ன இன்டெல் சிப்கள் 10 பிட் 4:2:2 படத்தை எச்.265 வடிவில்தான் வன்பொருளால் விரிக்கும், எச்.264 வடிவில் வந்தால் சுமை முழுவதும் கோர்கள் தலையில். ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை கார்டு இரண்டையும் விரிக்கும். ஆகவே புது பிராசஸருக்குப் பணம் எடுத்துவைக்கும் முன் கேமரா மெனுவில் ஒரு வரியை மாற்றிப் பார்க்கலாம்.

கோர் எண்ணிக்கை எங்கே உதவும்?

கோர் பந்தயத்தைக் கிளப்பிவிட்டது ஏ.எம்.டி. 2017 மார்ச்சில் வந்த முதல் ரைசன், எட்டு கோரைச் சாதாரண மேசைக்குக் கொண்டுவந்தது. 2020 பிப்ரவரியில் த்ரெட்ரிப்பர் 3990எக்ஸ் 64 கோரைத் தொட்டது. இன்டெல் 2021 நவம்பரில் 12ஆம் தலைமுறையில் வேறு வழியைப் பிடித்தது: கனமான வேலைக்குச் சில பெரிய கோர்கள், துணைக்குச் சிறிய கோர்கள் பல. ஐ9-14900கே சிப்பில் இருக்கும் 24 கோரில் பெரியவை எட்டுதான்.

பிரித்துக் கொடுக்கக்கூடிய வேலையில் கூட்டம் உதவும். எந்த வேலையிலும் பிரிக்க முடியாத ஒரு பங்கு இருக்கும். அதில் கால் பங்கைப் பிரிக்கவே முடியாதென்றால், எத்தனை ஆயிரம் கோர் போட்டாலும் நான்கு மடங்குக்கு மேல் வேகம் வராது. கணினி வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967இலேயே இந்தக் கணக்கை முன்வைத்துவிட்டார். எடிட்டிங்கில் சொடுக்குவது, இழுப்பது, வெட்டுவது எல்லாம் ஓரிரு கோர்களின் வேகத்தை நம்பியவை. குவிக் சிங்க் அல்லது என்விடியா என்கோடர் இல்லாமல் மென்பொருள் வழியாகவே எக்ஸ்போர்ட் செய்வது, ரா வீடியோவை விரிப்பது, ப்ராக்ஸி என்ற சிறிய நகல்களைத் தயாரிப்பது ஆகியவற்றில் கூடுதல் கோர்கள் தெளிவாகப் பலன் தரும்.

அமெரிக்காவின் பியூஜெட் சிஸ்டம்ஸ் என்ற கம்ப்யூட்டர் தயாரிப்பு நிறுவனம் எடிட்டிங் மென்பொருள்களுக்கென்றே சோதனைத் தொகுப்புகளை வெளியிடுகிறது. ப்ரீமியர் ப்ரோவுக்கான அதன் சோதனை ஒற்றை மதிப்பெண்ணோடு நிற்பதில்லை. எச்.264, எச்.265 வகைக் கோப்புகளுக்கு ஒன்று, ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தனியாகச் சுருக்கப்பட்ட கோப்புகளுக்கு ஒன்று, ரா கோப்புகளுக்கு ஒன்று, கிராபிக்ஸ் கார்டு எஃபெக்டுகளுக்கு ஒன்று எனப் பிரித்துத் தருகிறது. முதல் பிரிவில் குவிக் சிங்க் உள்ள இன்டெல் மேலே நிற்பதும், ரா பிரிவில் கோர் அதிகமுள்ள சிப்கள் மேலே வருவதும் இயல்பு. எது சிறந்த பிராசஸர் என்ற கேள்விக்கு ஒரே பதில் கிடைக்காததற்கு இந்தப் பிரிவுகளே விளக்கம்.

ரைசனும் ஆப்பிளும்

இப்படிச் சொல்வதால் ரைசனை ஒதுக்கிவிடக் கூடாது. 12 கோர் கொண்ட ரைசன் 9 7900, 65 வாட் வகையைச் சேர்ந்தது. அந்த மின்சாரத்துக்கு அது தரும் வேலை அதிகம். ரைசன் 7000 தொடங்கி டெஸ்க்டாப் சிப்களில், எஃப் வகை தவிர, சிறிய உள் கிராபிக்ஸ் உண்டு. 4:2:0 கோப்புகளை அது விரித்துவிடும். 4:2:2 கோப்புகளை விரிக்காது. ஏ7 மூன்றாம் பதிப்பு, டிரோன், செல்போன் என்று எடுப்பவருக்கு இது ஒரு குறையே அல்ல. 4:2:2 எடுப்பவர் ரைசனோடு ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை கார்டையும் அதை அறிந்த புதிய மென்பொருள் பதிப்பையும் சேர்த்துக்கொண்டால் கணக்கு சரியாகிவிடும். ஏ.எம்.5 சாக்கெட்டை 2027க்கும் அப்பால் ஆதரிப்பதாக ஏ.எம்.டி. அறிவித்திருப்பதால், இரண்டு வருடம் கழித்து பிராசஸரை மட்டும் மாற்ற வழி இருக்கிறது. இன்டெல்லின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் அமர்ந்த சாக்கெட், 2024 அக்டோபரில் வந்த கோர் அல்ட்ரா 200 வரிசைக்குப் பொருந்தாது.

ஆப்பிள் இந்த வாதத்தின் இன்னொரு முனை. 2020 நவம்பரில் எம்1 சிப்போடு வந்த மேக்குகள், மின்சாரம் குறைவாக எடுத்துக்கொண்டு 4கே டைம்லைனை ஓட்டிக்காட்டின. 2021 அக்டோபரில் எம்1 ப்ரோ, மேக்ஸ் சிப்களில் ப்ரோரெஸ் கோப்புக்கான தனி எஞ்சினும் சேர்ந்தது. 2024இல் வந்த எம்4 மேக் மினி 16 ஜிபி நினைவகத்தோடு இந்தியாவில் ரூ.59,900க்கு அறிமுகமானது. பவர் கட் அடிக்கடி வரும் இடத்தில் சின்ன யு.பி.எஸ்.ஸிலேயே அது தாங்கும். குறைகள் இரண்டு. நினைவகத்தைப் பிறகு கூட்ட முடியாது. எடியஸ் அதில் ஓடாது, விண்டோஸில்தான் ஓடும். பல வருட எடியஸ் புராஜெக்டுகளையும் டைட்டில் டெம்ப்ளேட்டுகளையும் சேர்த்துவைத்திருக்கும் ஸ்டூடியோ, ஒரே நாளில் ஃபைனல் கட், டாவின்சி போன்ற வேறு மென்பொருளுக்குக் குடிபெயர முடியாது.

மென்பொருளின் குணம்

எடியஸ் நெடுங்காலமாக குவிக் சிங்க்கை நம்பி வளர்ந்த மென்பொருள். அதற்கு எஃப் இல்லாத இன்டெல் இயல்பான ஜோடி. ப்ரீமியர் ப்ரோ பிராசஸர், உள் கிராபிக்ஸ், தனி கார்டு மூன்றையும் பயன்படுத்தும். டாவின்சி ரிசால்வ் கிராபிக்ஸ் கார்டைச் சார்ந்தது. கலர் கிரேடிங்கும் நாய்ஸ் குறைப்பும் செய்பவர் பிராசஸரில் ஒரு படி இறங்கி, கார்டில் ஒரு படி ஏறலாம். அதன் இலவசப் பதிப்பு 4கே அளவில், நொடிக்கு 60 ஃப்ரேம் வரை வெளியீடு தருகிறது. வன்பொருள் வசதிகள் சிலவற்றுக்குக் கட்டணப் பதிப்பு தேவை. ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இன்விடேஷன் வீடியோ செய்பவருக்கு ஒற்றைக் கோரின் வேகமும் நினைவகமும் முக்கியம். அதே கம்ப்யூட்டரில் ஃபோட்டோஷாப்பில் கரிஷ்மா ஆல்பம் டிசைன் செய்யும் கடைகளுக்கும் இது பொருந்தும்.

கொரோனா காலத்துக்குப் பிறகு கல்யாண நேரலையும் வழக்கமாகிவிட்டது. வரமுடியாத சொந்தக்காரர்கள் துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து யூடியூபில் முகூர்த்தம் பார்க்கிறார்கள். வீமிக்ஸ் போன்ற மென்பொருளில் இரண்டு மூன்று கேமராவை மாற்றி மாற்றி அனுப்பும்போது, படத்தைச் சுருக்கும் பொறுப்பை கார்டின் என்கோடரிடம் விட்டுவிட்டால் நடுத்தர பிராசஸரே போதும்.

பிராசஸரில் கொட்டிவிட்டு மற்றவற்றில் கைசுருக்குவது பரவலான தவறு. ப்ரீமியர் ப்ரோவில் எச்.டி. வேலைக்கு 16 ஜிபி, 4கே வேலைக்கு 32 ஜிபி அல்லது அதற்கு மேல் என்பது அடோபியின் பரிந்துரை. அதையும் ஒரே குச்சியாகப் போடாமல் இரண்டாகப் பிரித்துப் போட்டால்தான் உள் கிராபிக்ஸுக்கு முழு வேகம் கிடைக்கும். நொடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்த 4கே ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. இரண்டு கேமராவில் ஆறு மணி நேரம் எடுத்தால் 540 ஜிபி. அதைப் பழைய சுழலும் ஹார்ட் டிஸ்கில் வைத்து எடிட் செய்துவிட்டு பிராசஸரைக் குறைசொல்வதில் பொருளில்லை.

வெயில், புழுதி, மின்சாரம்

வெளிநாட்டு ஆய்வகங்களின் சோதனை குளிரூட்டிய அறையில் நடக்கிறது. திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணி, தமிழகத்தில் கோடை வெப்பம் உச்சம் தொடும் ஊர்களில் அடிக்கடி இடம்பெறுவது. ஏ.சி. இல்லாத கடையில் அறை வெப்பம் 25 டிகிரியிலிருந்து 38க்கு ஏறினால், சிப்பின் வெப்பமும் ஏறக்குறைய அதே 13 டிகிரி ஏறும். ஐ9-14900கே 100 டிகிரியிலும், ரைசன் 7000 வரிசையின் உயர்வகைகள் 95 டிகிரியிலும் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். பணம் கொடுத்து வாங்கிய கிகாஹெர்ட்ஸ் மே மாத மதியத்தில் காணாமல் போகும் விதம் இது. சிப்காட் சாலைகளில் ஓடும் லாரிகள் கிளப்பும் புழுதி, ஃபேனிலும் ஹீட் சிங்கிலும் படிந்து நிலைமையை மோசமாக்கும். மாதம் ஒருமுறை புளோயரால் ஊதிச் சுத்தம் செய்வது எந்த ஓவர்கிளாக்கையும்விடப் பயன் தரும்.

ஐ9-14900கே முழு வேகத்தில் 253 வாட் வரை இழுக்கும். ஐ5-12400இன் உச்சம் 117 வாட். முதலாவதோடு ஒரு கிராபிக்ஸ் கார்டையும் மானிட்டரையும் சேர்த்தால், கடைகளில் பரவலாக விற்கும் 600 வி.ஏ. யு.பி.எஸ். கைவிரித்துவிடும். இரவெல்லாம் எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு, விடியற்காலையில் கரண்ட் போய் எல்லாம் வீணாவதைத் தவிர்க்க வேண்டும் என்றால், குறைந்த வாட் சிப் என்பது சிக்கனம் மட்டுமல்ல, பாதுகாப்பும்கூட. உயர்வகைச் சிப்பை ஏற்கெனவே வாங்கியவர்கள் பயாஸில் வாட் வரம்பைக் குறைத்துவைக்கலாம். ரைசனில் ஈகோ மோட் என்ற வசதி இதற்கென்றே இருக்கிறது. வேகம் இழப்பது கொஞ்சம், வெப்பம் குறைவது அதிகம்.

பழைய சிப் தேடுபவர்கள் ஓர் எச்சரிக்கையை மனத்தில் வைக்க வேண்டும். இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை உயர்வகை டெஸ்க்டாப் சிப்கள் சில, அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் காலப்போக்கில் பழுதாவதை அந்நிறுவனமே 2024 ஜூலையில் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் 0x129 என்ற மைக்ரோகோட் திருத்தத்தை வெளியிட்டு, பாதிக்கப்பட்ட வகைகளுக்கு உத்தரவாதத்தை இரண்டு வருடம் நீட்டித்தது. திருத்தம் மேலும் சேதமாகாமல் தடுக்கும். ஏற்கெனவே சேதமானதைச் சரிசெய்யாது. எனவே செகண்ட் ஹேண்டில் ஐ9-13900கே மலிவாகக் கிடைத்தால், எத்தனை நாள் எந்த பயாஸில் ஓடியது என்று தெரியாத சரக்கு அது. புதிதாக வாங்கினால் பயாஸ் புதுப்பிப்பு முதல் வேலையாக இருக்கட்டும். பெட்டியோடு வரும் சிப்புக்கும் ட்ரேயில் வரும் சிப்புக்கும் உத்தரவாதம் வேறுபடும் என்பதால் பில்லில் எது என்று எழுதி வாங்க வேண்டும்.

யாருக்கு எது?

செல்போன், டிரோன், 8 பிட் கேமரா ஆகியவற்றில் எடுத்து யூடியூபுக்கும் ரீல்ஸுக்கும் வேலை செய்பவருக்கு ஐ5-12400 வகை, எஃப் இல்லாதது, 16 ஜிபி நினைவகம், ஒரு என்.வி.எம்.இ. எஸ்.எஸ்.டி. போதுமானது. தனி கார்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எடியஸில் பிடிவாதம் இல்லாதவருக்கு மேக் மினியும் இதே இடத்தில் போட்டியிடும்.

இரண்டு முதல் நான்கு கேமரா வரை வைத்து 10 பிட் 4:2:2 எடுக்கும் கல்யாண ஸ்டூடியோவுக்கு, யு.எச்.டி. 770 உள்ள ஐ5-14500 அல்லது ஐ7-14700, அல்லது கோர் அல்ட்ரா 200 வரிசையில் எஃப் இல்லாத ஒன்று. 32 ஜிபி நினைவகம். ஐ9 வாங்க வைத்திருக்கும் தொகையின் மிச்சத்தை எஸ்.எஸ்.டி.யிலும் நல்ல யு.பி.எஸ்.ஸிலும் போடுவது புத்திசாலித்தனம்.

குறும்படம், விளம்பரம், கலர் கிரேடிங் என்று ரிசால்வில் இருப்பவருக்கு ரைசன் 7 அல்லது 9, அதோடு ஆர்.டி.எக்ஸ். 50 வரிசை கார்டு. ரா வீடியோ கையாள்பவரும் முப்பரிமாண அனிமேஷன் செய்பவரும் மட்டுமே பதினாறு கோரும் அதற்கு மேலும் யோசிக்கலாம்.

இப்போதிருக்கும் கம்ப்யூட்டர் திணறுகிறது, கையில் காசில்லை என்பவருக்கும் வழி உண்டு. 4கே கோப்புகளின் சிறிய நகல்களை ப்ராக்ஸியாக உருவாக்கி, அவற்றில் வெட்டி ஒட்டி, கடைசி எக்ஸ்போர்ட்டை மட்டும் அசலிலிருந்து எடுக்கும் முறை ப்ரீமியர், ரிசால்வ், எடியஸ், ஃபைனல் கட் எல்லாவற்றிலும் இருக்கிறது. இரவில் ப்ராக்ஸி உருவாகட்டும் என்று விட்டுவிட்டுக் காலையில் எடிட்டிங்கைத் தொடங்கினால், ஐந்தாறு வருடப் பழைய ஐ5கூட ஒரு சீசனைத் தாண்டிவிடும்.

வாங்கத்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவர்கள் ரிச்சி தெருவுக்குப் போகும்போது தங்கள் கேமராவில் எடுத்த கோப்புகள் சிலவற்றை எஸ்.எஸ்.டி.யில் போட்டு எடுத்துச்செல்லுங்கள். கடையில் ஓடிக்கொண்டிருக்கும் டெமோ கம்ப்யூட்டரில் நீங்கள் பயன்படுத்தும் மென்பொருளில் அவற்றைத் திறக்கச் சொல்லுங்கள். டைம்லைனில் பின்னோக்கி இழுத்துப் பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் கோர்கள் கொதிக்கின்றனவா, வீடியோ டீகோட் பகுதி வேலை செய்கிறதா என்று கவனியுங்கள். கொட்டேஷனில் பிராசஸர் பெயரின் கடைசி எழுத்தைப் படித்துவிட்டு அதன்பிறகு பணத்தைக் கட்டுங்கள்.